எச்.பி.எஸ்.ஏ.ஜி. ரியாக்டிவ்: கண் மஞ்சளாகாத காமாலையை எப்படிப் புரிந்துகொள்வது?

வளைகுடா வேலைக்கான மெடிக்கல், ரத்ததான முகாம், கர்ப்பகாலப் பரிசோதனை, ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் ரத்த டெஸ்ட். ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் வைரஸ் தொற்று இருப்பது நம்மூரில் பெரும்பாலும் இந்த நாலு வாசலில் ஏதோ ஒன்றில்தான் தெரியவருகிறது. வேறு எதற்கோ போன ஆளின் கைக்கு ஒரு தாள் வரும், அதில் 'எச்.பி.எஸ்.ஏ.ஜி. ரியாக்டிவ்' என்று ஒரே ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். அன்று காலை நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு பஸ் பிடித்து வந்தவர் அவர். காய்ச்சல் இல்லை, வயிற்று வலி இல்லை, கண்ணாடியில் பார்த்தால் கண் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

அதற்கப்புறம் வீட்டில் இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, "மஞ்சள் காமாலைதானே, ஒரு வாரம் கீழாநெல்லி குடித்தால் இறங்கிவிடும்" என்கிற குரல். இன்னொன்று தணிந்த குரலில் வரும்: "இது எய்ட்ஸ் மாதிரியாமே, தட்டு டம்ளரைத் தனியாக வை." இரண்டுமே தப்பு. முதலாவது நோயை ரொம்பச் சின்னதாக்குகிறது, இரண்டாவது நோயாளியைச் சின்னதாக்குகிறது. உண்மை என்ன என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

காமாலை என்பது நோயின் பெயர் இல்லை

காமாலை ஓர் அறிகுறி. பழைய ரத்தச் சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டாகும், அதைக் கழித்து வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. அந்த வேலை தடைபட்டால் மஞ்சள் ரத்தத்தில் தேங்கிக் கண்ணிலும் சிறுநீரிலும் தெரியும். தடைபடுவதற்குப் பித்தப்பைக் கல் காரணமாக இருக்கலாம், சாராயம் காரணமாக இருக்கலாம், மாத்திரை காரணமாக இருக்கலாம், வைரஸும் காரணமாக இருக்கலாம்.

வைரஸ் என்று எடுத்துக்கொண்டால் இரண்டு கூட்டம் உண்டு.

1. ஏ, ஈ: கெட்ட தண்ணீர், சுத்தமில்லாத சாப்பாடு வழியாக வருபவை. கண் நன்றாக மஞ்சளாகும், வாந்தி வரும், ஆளைப் படுக்கப் போடும், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே போய்விடும். கர்ப்பிணிக்கு ஈ வந்தால் ஆபத்து அதிகம், அது தனிக்கதை.
2. பி, சி, டி: ரத்தம், உடல் திரவங்கள் வழியாக வருபவை. உடம்பில் தங்கிவிடக்கூடியவை. இதில் டி தனியாக வாழத் தெரியாதது, பி இருக்கிற உடம்பில் மட்டும்தான் ஒட்டும்.

ஊரில் 'காமாலை வந்து போனது' என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி முதல் கூட்டம். இங்கே நாம் பேசுவது இரண்டாவது கூட்டத்தில் இருக்கும் பி. பெயர் ஒன்றாக இருப்பதால் இதற்கும் மஞ்சளைத் தேடிக்கொண்டு இருக்கிறோம், பல பேருக்கு அந்த மஞ்சள் வரவே வராது. உடம்பில் தங்கிவிட்ட பி-யில் அது வந்தால், பெரும்பாலும் கல்லீரல் கிட்டத்தட்டக் கைவிட்ட பிறகுதான் வரும்.

வைரஸ் உள்ளே என்ன செய்கிறது

1960களில் பாரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், பல இன மக்களின் ரத்தத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் வித்தியாசமான ஒரு புரதத்தைக் கண்டார். 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் வைத்தார்கள். பிறகுதான் அது ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேலுறை என்று புரிந்தது. இன்று ரிப்போர்ட்டில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று வருவது அதே புரதம்தான். பிளம்பெர்க்குக்கு 1976-ல் நோபல் பரிசு கிடைத்தது. உலகக் கல்லீரல் அழற்சி (ஹெபடைட்டிஸ்) தினம் ஜூலை 28-ல் வருவதும் அது அவருடைய பிறந்தநாள் என்பதால்தான்.

இந்த வைரஸ் கல்லீரல் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. உள்ளே போய்க் குடித்தனம் நடத்துகிறது. வைரஸ் இருக்கும் செல்லைக் கண்டுபிடித்து நம்முடைய எதிர்ப்பு சக்தி அடிக்கும்போதுதான் கல்லீரல் புண்படுகிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஏனென்றால் வயது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்து வருகிறது.

நல்ல ஆரோக்கியமான 30 வயதுக்காரருக்குத் தொற்றினால் எதிர்ப்பு சக்தி பலமாக அடிக்கும். சிலருக்குக் காமாலையே வரலாம், ஆனால் 100 பேரில் 95 பேருக்கு மேல் ஆறு மாதத்துக்குள் வைரஸை விரட்டிவிடுவார்கள். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றிய குழந்தையின் உடம்புக்கு அது அந்நியன் என்றே தெரியாது. அடிக்காது. அதனால் காமாலையும் வராது, வைரஸும் போகாது: இப்படித் தொற்றும் பச்சிளங்குழந்தைகளில் 100-க்கு சுமார் 90 பேருக்கு அது நாள்பட்ட தொற்றாக நின்றுவிடுகிறது. ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் என்றால் 100-க்கு 25 முதல் 50 வரை. ஆக, 28 வயதில் மெடிக்கலில் மாட்டுகிற இளைஞனைப் பார்த்து "எங்கே போய் வந்தாய்" என்று வீட்டில் கேட்பது பல நேரம் அநியாயமான கேள்வி. அவன் எங்கேயும் போகாமல், பிரசவ அறையிலோ தவழ்கிற வயதிலோ வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. வைரஸ் தன் மரபணுவின் ஒரு பிரதியைக் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள், வளையம் மாதிரி சுருட்டி வைத்துவிடும். மூலப்பத்திரத்தை லாக்கரில் வைத்த மாதிரி. இப்போதுள்ள மாத்திரைகள் நகல் எடுப்பதைத் தடுக்குமே தவிர, லாக்கரைத் திறக்காது. மருந்து ஏன் வருஷக்கணக்கில் போகிறது, நிறுத்தினால் ஏன் திரும்ப வருகிறது என்பதற்குப் பதில் அந்த வளையம்.

எப்படிப் பரவும், எப்படிப் பரவாது

பரவும் வழிகள்: பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு, பாதுகாப்பற்ற உடலுறவு, ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது, பரிசோதிக்காத ரத்தம், திருவிழாக் கடையில் ஒரே ஊசியால் வரிசையாகப் பச்சை குத்துவது, சலூனிலும் மொட்டை போடும் இடத்திலும் மாற்றாத பிளேடு, வீட்டுக்குள் பகிர்ந்துகொள்ளும் ஷேவிங் ரேசர், டூத் பிரஷ், சர்க்கரை டெஸ்டுக்கு விரலில் குத்தும் ஊசி.

உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட இந்த வைரஸ் குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். தடுப்பூசி போடாத நர்ஸுக்கு, தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 100-க்கு 6 முதல் 30 வரை. எச்.ஐ.வி.க்கு அதே கணக்கு 1000-க்கு 3. ஒரு ஊர் முழுக்க இது எப்படிப் பாயும் என்பதற்கு 2009-ல் குஜராத்தின் மொடாசா பகுதியில் நடந்தது சாட்சி. உள்ளூர் மருத்துவர்கள் பயன்படுத்திய ஊசியையே திரும்பப் பயன்படுத்தியதில் நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தொற்றி, எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். போனதும் "ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர்" என்று கேட்டு வாங்குகிற பழக்கம் நம்மிடமும் உண்டு, மாத்திரையில் தீர்வதற்கு ஊசி தேவையே இல்லை.

பரவாத வழிகள்: ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே டம்ளரில் குடிப்பது, கட்டிப்பிடிப்பது, கை கொடுப்பது, இருமல், கொசு, ஒரே பாத்ரூம், பக்கத்தில் படுப்பது. தொற்றுள்ளவர் சமைத்த குழம்பில் வராது. தாய்ப்பாலில் வராது, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுத் தாராளமாகப் பால் கொடுக்கலாம். ஆக அந்தத் தனித் தட்டு, தனி டம்ளர் விவகாரத்துக்கு எந்த மருத்துவ அர்த்தமும் கிடையாது. அதைச் செய்கிற அதே வீட்டில் ஒரே ரேசரை அப்பாவும் மகனும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதும் நடக்கும்.

ரிப்போர்ட்டை எப்படி வாசிப்பது

எச்.பி.எஸ்.ஏ.ஜி. ரியாக்டிவ் என்ற ஒரு வரி, இப்போது உடம்பில் வைரஸ் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. புதிதா பழசா, கல்லீரல் எப்படி இருக்கிறது, மருந்து வேண்டுமா என்று எதையும் அது சொல்லாது. முகாமில் கார்டில் சொட்டு விட்டுப் பார்த்த ரேபிட் டெஸ்ட் என்றால், முதலில் லேபில் எலைசா முறையில் உறுதி செய்ய வேண்டும். தடுப்பூசி போட்ட சில நாட்களுக்குள், 18 நாள் வரைகூட, இந்த டெஸ்ட் பொய்யாக ரியாக்டிவ் காட்டலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்புறம் பார்க்க வேண்டியவை:

1. ஆன்டி எச்.பி.எஸ்.: வைரஸின் மேலுறைக்கு எதிராக உடம்பு செய்த எதிர்ப்பொருள். தடுப்பூசியாலோ, தொற்று வந்து குணமானதாலோ உண்டாகும். 10 யூனிட்டுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு. இது பாசிட்டிவ் என்று வந்ததைப் பார்த்து அழுதவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் சந்தோஷப்பட வேண்டிய பாசிட்டிவ் இது.
2. ஆன்டி எச்.பி.சி.: வைரஸ் எப்போதாவது உடம்புக்குள் வந்ததா என்பதைச் சொல்லும். தடுப்பூசியால் இது வராது. இதிலேயே ஐ.ஜி.எம். வகை பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் புதுத் தொற்று. நாள்பட்ட தொற்று திடீரென்று சீறும்போதும் இது தலைகாட்டலாம், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது.
3. எச்.பி.இ.ஏ.ஜி.: வைரஸ் மும்முரமாகப் பெருகுகிறது, பரவும் வேகமும் அதிகம் என்பதற்கான அடையாளம். நெகட்டிவ் என்றால் அமைதி என்று அர்த்தமில்லை, இதைச் செய்யாமலே பெருகக் கற்றுக்கொண்ட வைரஸ்களும் உண்டு.
4. எச்.பி.வி. டி.என்.ஏ.: ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்ற எண்ணிக்கை. ரிப்போர்ட்டில் 1,700 என்றும் வரும், 17 கோடி என்றும் வரும். பெரிய எண்ணைப் பார்த்ததுமே கல்லீரல் போய்விட்டது என்று எண்ண வேண்டாம்.
5. எஸ்.ஜி.பி.டி.: கல்லீரல் செல் உடைகிறதா என்பதற்கான அளவு. கூடவே கல்லீரல் எவ்வளவு தழும்பேறியிருக்கிறது என்று பார்க்க வயிற்று ஸ்கேன், ஃபைப்ரோஸ்கேன்.

எச்.பி.எஸ்.ஏ.ஜி. ஆறு மாதம் தாண்டியும் ரியாக்டிவாகவே நின்றால், அது நாள்பட்ட தொற்று. ரியாக்டிவ் இல்லை, ஆனால் ஆன்டி எச்.பி.சி.யும் ஆன்டி எச்.பி.எஸ்.ஸும் பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்து குணமான ஆள். அவர்கூட ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது: பிற்காலத்தில் கீமோதெரபியோ, எதிர்ப்பு சக்தியை அமுக்கும் மருந்தோ எடுக்க வேண்டி வந்தால் டாக்டரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். லாக்கரில் இருக்கிற பத்திரம் அப்போது வெளியே வரும்.

எல்லாமே நெகட்டிவா? உங்களுக்குத் தேவை தடுப்பூசி, அவ்வளவுதான்.

மருந்து எல்லாருக்கும் வேண்டுமா

இங்கேதான் நோயாளிகள் அதிகம் குழம்புகிறார்கள். ஒரு டாக்டர் "இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்கிறார். அதைக் கேட்டவருக்கு "ஒன்றும் இல்லை" என்று காதில் விழுகிறது, அடுத்த ஆறாம் மாதம் அவர் போவதில்லை, அதற்கடுத்த ஆறு வருஷமும் போவதில்லை.

மாத்திரை வேண்டாம் என்றால் நோய் இல்லை என்று பொருள் கிடையாது. நாள்பட்ட தொற்று ஒரே நிலையில் நிற்பதில்லை. வைரஸ் கோடிக்கணக்கில் இருந்தும் எஸ்.ஜி.பி.டி. நார்மலாக இருக்கும் காலம் ஒன்று, எதிர்ப்பு சக்தி விழித்துக்கொண்டு அடித்துக் கல்லீரல் புண்படும் காலம் ஒன்று, வைரஸ் அடங்கிக் கிடக்கும் காலம் ஒன்று, திரும்பவும் எழும் காலம் இன்னொன்று. எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பது ஒரு நாள் ரிப்போர்ட்டில் தெரியாது, தொடர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 2024-ல் மருந்து தொடங்குவதற்கான வரம்பைத் தளர்த்தியது. கல்லீரலில் குறிப்பிடத்தக்க தழும்பு இருந்தால் மருந்து, டி.என்.ஏ. 2,000-க்கு மேலே இருந்து எஸ்.ஜி.பி.டி.யும் கூடியிருந்தால் மருந்து, எச்.ஐ.வி., சி, டி போன்ற கூட்டுத் தொற்றோ, குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோயோ, சர்க்கரையோ இருந்தாலும் மருந்து. சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கம் வந்துவிட்டவருக்கு எண்ணிக்கை பார்த்துக்கொண்டிருக்கவே தேவையில்லை. டெனோஃபோவிர், என்டெகாவிர் என்ற இரண்டில் ஒன்று, தினம் ஒரு மாத்திரை. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசு சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். விலையைவிடப் பெரிய சிக்கல், தெம்பாக இருக்கிற ஆளை வருஷக்கணக்கில் மாத்திரை போட வைப்பது. "நார்மல் ஆகிவிட்டதே" என்று சொந்தமாக நிறுத்தினால் வைரஸ் சீறித் திரும்பும், சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு வரை போகும்.

கல்லீரல் புற்றுநோய் இதில் இன்னொரு பொறி. மற்ற காரணங்களால் வரும் கல்லீரல் புற்றுநோய் பெரும்பாலும் சுருக்கத்துக்குப் பிறகு வரும். பி-யில் சுருக்கம் இல்லாமலே வரலாம். அதனால்தான் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேனும், ஏ.எஃப்.பி. என்ற ரத்த டெஸ்டும்.

2022 கணக்குப்படி உலகில் 25.4 கோடிப் பேருக்கு நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது, இந்தியாவில் மட்டும் சுமார் 2.98 கோடி. அந்த ஒரு வருஷத்தில் உலக அளவில் சுமார் 11 லட்சம் பேர் இறந்தார்கள். தொற்று இருப்பது தெரிந்தவர்கள் உலகில் 100-க்கு 13 பேர், சிகிச்சையில் இருப்பவர்கள் 3 பேர்.

கீழாநெல்லி விஷயம்

இதைக் கிண்டலாகத் தாண்டிப் போவது நியாயமில்லை, ஏனென்றால் இதற்கு அறிவியல் வரலாறு உண்டு, அதுவும் சென்னையில். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு கீழாநெல்லி இனச் செடியை எச்.பி.எஸ்.ஏ.ஜி. உள்ளவர்களுக்கு 30 நாள் கொடுத்துப் பார்த்து, 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டது. மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்தது, ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் யார் தெரியுமா, அதே நோபல் பிளம்பெர்க்.

உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் மற்றவர்கள் செய்து பார்த்தார்கள். 1990-ல் தாய்லாந்து ஆய்வாளர்கள் அறிகுறியில்லாத தொற்றாளர்களிடம் முயன்று, பலன் இல்லை என்று அதே லான்செட்டில் எழுதினார்கள். பிறகு வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வும் உறுதியான ஆதாரம் இல்லை என்றே முடித்தது. முதல் ஆய்வு ஆள் எண்ணிக்கையில் சிறியது, முக்கியக் கணக்கும் மருந்து முடிந்த மூன்று வாரத்துக்குள் எடுத்தது. நேர்மையாக முயன்றும் திரும்ப நிற்காத ஒரு முடிவு, அறிவியலில் இது அடிக்கடி நடப்பதுதான்.

சரி, ஊரில் "குணமானது" என்கிறார்களே? ஏ-யும் ஈ-யும் யார் என்ன கொடுத்தாலும் பெரும்பாலும் சில வாரத்தில் போகும், அந்தப் பெயர் கீழாநெல்லிக்குப் போய்ச் சேர்கிறது. பி-யிலும் புதிதாகத் தொற்றிய பெரியவர்களில் 100-க்கு 95 பேர் தானாகத் தேறுவார்கள், அந்தப் பெயரும் அதற்கே போகும். மீதமுள்ளவர்கள் கண் மஞ்சள் இறங்கியதும் டெஸ்ட் எடுப்பதை விட்டுவிடுகிறார்கள். மூலிகையால் நேரடிக் கெடுதல் என்பதைவிட, அதைக் குடித்துக்கொண்டு டி.என்.ஏ. பார்க்காமல் விடும் அந்த ஐந்து வருஷம்தான் என் பயம். கண்ணில் மருந்து விட்டுக் காமாலை இறக்குகிற வைத்தியத்தைப் பற்றி எழுதக்கூட ஒன்றுமில்லை.

தடுப்பது

முதல் 24 மணி நேரம். குழந்தை பிறந்த அன்றே தொடையில் போடும் அரை மில்லி ஊசி, இந்தக் கட்டுரையில் இருக்கும் எல்லாவற்றிலும் அதிக வேலை செய்யும் பொருள் அதுதான். அதன்பின் 6, 10, 14-வது வாரங்களில் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்க் கூட்டு ஊசியில் இதுவும் அடக்கம். இந்தியாவில் அந்தக் கூட்டு ஊசி 2011 டிசம்பரில் முதலில் தொடங்கியது தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான். 1984-லேயே தொடங்கிய தைவானில், அடுத்த பத்தாண்டுகளில் பிள்ளைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் ஏறக்குறைய பாதியானது. ஒரு தடுப்பூசி புற்றுநோயைக் குறைத்ததற்கு முதல் சான்று அது.

தாய்க்குத் தொற்று இருந்தால்:

1. கர்ப்பத்தின்போதே டி.என்.ஏ. பார்க்க வேண்டும். 2 லட்சத்துக்கு மேல் இருந்தால், அல்லது எச்.பி.இ.ஏ.ஜி. பாசிட்டிவ் என்றால், கர்ப்ப காலத்திலேயே டெனோஃபோவிர் தொடங்குவார்கள்.
2. குழந்தைக்கு அன்றே தடுப்பூசி, கூடவே எச்.பி.ஐ.ஜி. என்ற தயார்நிலை எதிர்ப்பொருள் ஊசி, இன்னொரு தொடையில், முடிந்தால் 12 மணி நேரத்துக்குள். இந்த ஊசி எல்லா ஆஸ்பத்திரியிலும் கைவசம் இருக்காது. வலி எடுத்தபிறகு தேடாமல், பிரசவ தேதிக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.
3. ஒன்பது மாதத்துக்குப் பிறகு குழந்தைக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி.யும் ஆன்டி எச்.பி.எஸ்.ஸும் பார்ப்பது. ஊசி போட்டதோடு மறந்துபோவது இந்த இடத்தில்தான்.

ஒருவருக்கு ரியாக்டிவ் என்றால் வீட்டில் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், அம்மா, உடன்பிறந்தவர்கள் எல்லாரும் டெஸ்ட் எடுக்க வேண்டும். அம்மாவை விட்டுவிடுகிறார்கள், பல குடும்பங்களில் கதை தொடங்கியது அவரிடமிருந்துதான், அவருக்குத்தான் 55 வயதில் ஸ்கேன் அவசரமாகத் தேவைப்படும். கல்யாணத்துக்கு இது தடை கிடையாது. வரப்போகிறவரிடம் சொல்லி, அவருக்கு மூன்று டோஸ் போட்டு, ஆன்டி எச்.பி.எஸ். 10-க்கு மேல் வந்ததா என்று பார்க்கும்வரை ஆணுறை. பிறகு சாதாரண வாழ்க்கை.

தொற்றுள்ளவரின் ஊசி குத்திவிட்டால் பிதுக்காமல், சோப்பு போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தடுப்பூசி போடாதவர்களுக்கு எச்.பி.ஐ.ஜி.யும் முதல் டோஸும் 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. துப்புரவுப் பணியாளர்கள், லேப் ஊழியர்கள், பச்சை குத்துபவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் இப்படி ஊசி குத்தும்வரை காத்திராமல் முன்பே போட்டிருக்க வேண்டிய தடுப்பூசி இது.

இப்போது இருபதைத் தாண்டியவர்களில் நிறையப் பேருக்குச் சின்ன வயதில் இது போட்டிருக்காது, அரசு அட்டவணையில் நாடு முழுக்க வந்ததே 2011 வாக்கில்தான். பெரியவர்களுக்கு வழக்கமாக மூன்று டோஸ்: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று, மேல் கையில். இரண்டாவது டோஸ் போட்டுவிட்டு மூன்றாவதை மறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டதா? முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட மூன்றாவதை இப்போது போட்டுக்கொண்டால் போதும்.